மேளம் நின்ற பிறகு

செவலையை வாங்கி வந்த நாளிலிருந்து எங்கள் கொட்டகையில் ஒரு ஆள் கூடுதலாக இருந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. பேர் தெரியாது, ஊர் தெரியாது, உயிரோடு இருக்கிறானா என்பதும் தெரியாது. ஆனால் அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், இடதுகைப் பழக்கம் உள்ளவன், ஒரு காலை இழுத்து நடக்கிறவன் என்பது வரைக்கும் தெரியும். எல்லாம் அந்தக் குதிரையிடமிருந்து தெரிந்துகொண்டதுதான்.

நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வளைகுடாவுக்குப் போய், அங்கே ஒரு குதிரை லாயத்தில் பல வருடம் இருந்தேன். குதிரை ஏறுகிற வேலை இல்லை. கழுவுவது, தீனி வைப்பது, லத்தி அள்ளுவது. திரும்பி வந்து சும்மா இருந்த நேரத்தில் என் மனைவியின் அண்ணன் ஒரு சாரட் வண்டியும் வெள்ளைக் குதிரை ஒன்றும் வாங்கினார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லா ஊரிலும் கூப்பிட்டார்கள்.

"மாப்ள, குதிரைக்குப் பக்கத்துல நிக்க ஒரு ஆளு வேணும். வாயத் தொறக்கவே வேணாம். உங்களுக்குன்னே செஞ்ச வேலை" என்றார்.

கேலிதான். ஆனால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. டீக்கடையில் சர்க்கரையைக் குறைத்துப் போடச் சொல்லக் கூச்சப்பட்டு, கொடுத்ததைக் குடித்துவிட்டு வருகிற ஆள் நான்.

வெள்ளை எதையும் வாயால் கற்றுக்கொள்ளும் ஜாதி. ஒரு துண்டு வெல்லத்தைக் காட்டிவிட்டால் போதும், பக்கத்தில் வெடி வெடித்தாலும் வெல்லம் இருக்கிற கையைத்தான் பார்க்கும். அதற்கு மேளம் பழக்க எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் இப்போதெல்லாம் மாப்பிள்ளைகள் சாரட்டில் உட்கார மாட்டேன், குதிரைமேல் ஏறித்தான் வருவேன் என்கிறார்கள். வெள்ளைக்கு முதுகில் ஆள் ஏறினால் ஆகாது. அதனால்தான் மச்சான் சந்தைக்குப் போய் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டைக் குதிரை, நல்ல உடல்வாகு, நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

லாரியிலிருந்து இறக்கி, வாய்க்கால் கரைக் களத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் கட்டினோம். எல்லாரும் போன பிறகு கடிவாளத்தைக் கழற்றி ஆணியில் மாட்ட இடது கையை உயர்த்தினேன். செவலையின் முன்னங்கால் இரண்டும் மடங்கின. முழுதாக உட்காரவில்லை. முட்டி தரையைத் தொடப் போகிற அளவுக்கு இறங்கி, அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது. கையை இறக்கினேன். எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து வலது கையை உயர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். அது என்னைப் பார்க்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே வெற்றிடத்தில் ஒரு இடத்தைப் பார்த்தது. அங்கே ஒரு முகம் இருந்து பழக்கம்.

அதற்குப் பிறகு நான் இடது கையைக் கைலி மடிப்புக்குள் செருகிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போனேன். வெளியே வந்த பிறகும் பல நேரம் மறந்து அப்படியே இருந்துவிடுவேன். டீக்கடைக்காரர் ஒருநாள், "என்ன, கை கிய் விழுந்துபோச்சா? டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். கையை வெளியே எடுத்துக் காட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இன்னும் மோசம்.

"ஏங்க, சக்களத்திக்குக் கொள்ளு ஊற வெச்சாச்சு. எடுத்துட்டுப் போங்க" என்பாள் மனைவி.

"ம்."

"எங்கிட்ட ம். அதுக்கிட்ட மட்டும் மணிக்கணக்கா என்ன பேசுவீங்க?"

"நான் எங்க பேசுறேன். அதுதான் பேசுது."

இப்படிச் சொன்னதும் அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பக்கத்து வயல்காரருக்கு முட்டிவலி. ரப்பர் செருப்பைச் சரட், சரட் என்று தரையில் தேய்த்துக்கொண்டுதான் வரப்பில் வருவார். அந்தச் சத்தம் களத்துக்குள் நுழைந்தாலே செவலைக்கு உடம்பெல்லாம் தோல் துடிக்கும். காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதே நேரத்தில் மூக்கு விடைக்க, தொண்டைக்குள்ளேயே, மெதுவாக ஒரு கனைப்புக் கொடுக்கும். குட்டி தாயைப் பார்த்துக் கனைக்கிற மாதிரி. எனக்கு அது அப்படி ஒருநாளும் கனைத்ததில்லை. தீனி கொண்டுபோகும்போதுகூட இல்லை.

முதலில் இரண்டு ஆட்கள் என்று நினைத்தேன். அடித்தவன் ஒருவன், அன்பாக வைத்திருந்தவன் வேறு ஒருவன். அப்படி நினைத்தால் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் நடுக்கமும் கனைப்பும் ஒரே செருப்புச் சத்தத்துக்கு வந்தன. நெற்றிக் கோட்டுக்கு மேலே முடிக்குக் கீழே சொறிந்துவிட்டால் அதற்குப் பிடிக்கும், கண் சொக்கிப் போகும். அதையும் என் இடது தோள் பக்கம்தான் தலையை நீட்டிக் கேட்டது. அடித்ததும் சொறிந்துவிட்டதும் ஒரே கைதான். அன்றிலிருந்து எனக்குக் கொட்டகையில் தனியாக இருக்க என்னவோ போல ஆகிவிட்டது. குனிந்து குளம்பைச் சுத்தம் செய்யும்போது, முதுகுக்குப் பின்னால் உயரமாக யாரோ நின்று, நான் செய்வது சரியா என்று பார்ப்பதுபோல இருக்கும்.

மேளம் பழக்குகிற வேலையை ஆனி மாதத்திலேயே தொடங்கிவிட்டோம். மச்சான் கையடக்கமான ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து செண்டை மேளத்தைப் போட்டார். சத்தம் வந்த மாத்திரத்தில் செவலை வலது காலைத் தூக்கியது. வைத்தது. இடது காலைத் தூக்கியது. தாளம் தப்பவில்லை.

"அட, ஆட்டக்குதிரை மாப்ள. நம்ம அதிர்ஷ்டத்தப் பாத்தீங்களா" என்றார் மச்சான்.

நான் அதன் கழுத்தைப் பார்த்தேன். வேர்வை சோப்பு நுரைபோல வழிந்துகொண்டிருந்தது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பாவமாக இருந்தது. போய் ஸ்பீக்கரை நிறுத்தினேன்.

நிறுத்தியதுதான் தாமதம், செவலை பின்பக்கமாகப் பாய்ந்து கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு தகரத்தில் போய் மோதியது. மச்சான் களத்துக்கு வெளியே நின்றுதான் திரும்பிப் பார்த்தார்.

மேளம் ஆகாத குதிரை என்று இருவருமே முடிவு செய்தோம். அதனால் சத்தத்தைக் குறைத்து, தூரத்தில் வைத்துப் பழக்கினேன். அது பயப்படுகிற மாதிரி தெரிந்தால் உடனே நிறுத்திவிடுவேன். அவசரப்படுத்தக் கூடாது, பயந்தால் விட்டுவிட வேண்டும் என்பதுதான் லாயத்தில் இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது. ஆனால் நாளுக்கு நாள் மோசமாயிற்று. நான் ஸ்பீக்கர் பக்கம் நடந்தாலே மிரளத் தொடங்கியது. தகரத்தில் கிழித்துக்கொண்ட தொடையில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினேன்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை. மச்சான் கொட்டகை வாசலிலேயே நின்று பேசினார்.

"சுழியெல்லாம் பாத்துத்தான் புடிச்சேன். ஒரு குத்தமும் இல்ல. ஆனா ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு மாப்ள வீட்டுல சொல்லிட்டேன். ஆடி முழுக்க உங்களுக்குத்தான். அதுக்குள்ள நின்னா சரி."

"நிக்கலன்னா?"

"ஆட்டம் பழக்குற ஆளு ஒருத்தன் போன்ல கேட்டுக்கிட்டே இருக்கான். ஏத்தி விட்டுருவேன். நான் என்ன செய்ய, கட்டித் தீனி போடவா முடியும்?"

ஆட்டம் எப்படிப் பழக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். காலைக் கட்டிவிட்டு, மேளம் அடித்து, அடிக்கு அடி தூக்க வைப்பார்கள். தப்பினால் பிரம்பு. செவலை ஒருமுறை அதற்குள் போய் வெளியே வந்திருக்கிறது. கேட்கிற ஆள் யார் என்று மச்சானிடம் கேட்க நினைத்தேன். உயரமான ஆளா, காலை இழுத்து நடப்பானா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை. எங்கள் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். விடியற்காலையிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. உடுக்கையும் மேளமுமாகக் காது கிழிகிற சத்தம், கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. இன்றைக்குத் தகரத்தை உடைத்துக்கொண்டு ஓடப் போகிறது என்று பயந்து ஓடினேன். செவலை வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. கால்கள் மட்டும் லேசாகத் தாளத்துக்கு மாறி மாறி அசைந்தன. வேர்வை இல்லை. காலையில் தொடங்கிய பாட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததில் அதற்குப் பழகிவிட்டது போலிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு போனது. பாட்டு பாதியில் அறுந்தது.

செவலையின் வாயிலிருந்து வைக்கோல் விழுந்தது. முன்னங்கால்கள் மடங்கி, உடனே எழுந்து, கயிற்றின் நீளம் முழுக்கப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கண்ணெல்லாம் வெள்ளை. என் தலைக்கு மேலே பார்த்தது. கோயிலில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். பாட்டு மறுபடி வந்தது. அது பெரிதாக மூச்சு விட்டு, கீழே விழுந்த வைக்கோலைத் தேடியது.

நான் வாளியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மேளம் அடிக்கிற வரைக்கும் அந்த ஆள் அடிக்க மாட்டான். கால் ஆடிக்கொண்டிருந்தால் போதும். மேளம் நின்றால்தான் கணக்குத் தீர்ப்பான். மேளம் நிற்கும், பிறகு அந்த இடது கை உயரும். அது பழகிக்கொண்டு வந்த மேளத்தை, அதன் பயத்தைப் பார்த்துப் பார்த்து நான் நிறுத்தினேனே, அத்தனை முறையும் அது தலைக்கு மேலே உயர்ந்த கையைப் பார்த்திருக்கிறது. ஸ்பீக்கரை நோக்கி நான் நடந்தபோதெல்லாம் அவனும் நடந்திருக்கிறான்.

ஆக, பழக்க வேண்டியது சத்தத்தை இல்லை, அமைதியை. அதற்கு என்ன வழி? வெள்ளைக்குச் செய்ததுபோல, சத்தம் நின்றதும் வெல்லம் நீட்டினேன். பயந்த நேரத்தில் செவலைக்கு வாய் கிடையாது. வெல்லம் அதன் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. கழுத்தைத் தடவிக் கொடுத்தேன், இன்னும் விறைத்தது. பக்கத்தில் அசையாமல் நின்று பார்த்தேன், அதுவும் ஆகவில்லை. நின்றுகொண்டிருப்பவன் எப்போது கையைத் தூக்குவானோ என்றுதானே அதற்கு இருக்கும்.

வழி தானாகக் கிடைத்தது. ஒருநாள் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிகிற நேரம், மச்சான் அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு குதிரை பார்க்க வந்தார். புது ஆட்களைப் பார்த்ததும் எனக்குக் கால் தானாகப் பின்பக்கம் போகும். அவர்கள் என்னிடம் ஏதாவது கேட்பதற்குள் கொட்டகையின் பின்வாசல் வழியாக நழுவினேன். வாய்க்கால் பக்கம் வந்து தகர ஓட்டையில் எட்டிப் பார்த்தால், பாட்டு நின்றிருக்கிறது, செவலை பாயவில்லை. நான் போன பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கிக்கொண்டு, வயிறு உள்ளே போய் வெளியே வருகிற மாதிரி ஒரு மூச்சு விட்டது.

அதற்கு வேண்டியது அதுதான். யாரும் எதுவும் தரவேண்டாம். மேளம் நின்றால் பக்கத்தில் நிற்கிற ஆள் போய்விட வேண்டும்.

ஆடியின் மிச்ச நாளெல்லாம் அதையே செய்தேன். பாட்டு போகும்போது பக்கத்தில் இருப்பேன். நின்றதும் முதுகைக் காட்டித் திரும்பி நடப்பேன். முதலில் வெளியே வரைக்கும் போக வேண்டியிருந்தது. பிறகு வாசல்வரை. பிறகு சில எட்டுகள் போதும் என்றாயிற்று. விலகிப் போவதில் எனக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. ஆயுசு முழுக்கச் செய்த காரியம்.

"இப்படியா குதிரை பழக்குவாங்க? பழக்குற ஆளு ஓடுறாரு, குதிர நிக்கிது" என்று மச்சான் சிரித்தார். ஆனாலும் ஆட்டம் பழக்குகிற ஆளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்றார். ஆவணிக்குப் பிறகு சொல்வதாக.

முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஒரு சிறிய டவுன், நீளமான தெரு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. செண்டை மேளக்காரர்கள் முன்னால், அவர்களுக்குப் பின்னால் செவலைமேல் மாப்பிள்ளை, பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். மாப்பிள்ளை ஒரு கையால் செல்போனில் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டு வந்தார். செவலை நன்றாக நடந்தது. கூட்டத்தில் யாரோ என் குதிகாலை மிதித்ததில் வலது செருப்பின் வார் பிய்ந்துபோனது. கழற்ற நேரமில்லை. விரலால் கவ்வி இழுத்துக்கொண்டே நடந்தேன்.

தெருவின் பாதியில் முன்னால் போன பெரியவர் ஒருவர் திடீரென்று இரண்டு கையையும் உயர்த்தினார்.

"நிறுத்துங்கப்பா, நிறுத்துங்க. துஷ்டி வீடு."

மத்தியானம்தான் யாரோ இறந்திருக்கிறார்கள். வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட வீட்டைத் தாண்டுகிறவரை மேளம் அடிக்க மாட்டார்கள், எங்கள் பக்கத்தில் எந்த ஊர்வலமானாலும் அப்படித்தான். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்தத் தெருவில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அத்தனை மேளமும் ஒரே அடியில் நின்றது. தெருவே காது அடைத்துப்போன மாதிரி ஆயிற்று.

செவலை நின்றது. கயிறு வழியாக நடுக்கம் என் கைக்கு வந்தது. முட்டி மடங்கத் தொடங்கியது. மேலே மாப்பிள்ளை, "ஏங்க, என்னங்க பண்ணுது இது" என்றார். பின்னால் மச்சான், "கெட்டியாப் புடிங்க மாப்ள" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கெட்டியாகப் பிடித்தால் அது பாயும், ஆள் விழுவார், நாளைக் காலையில் செவலை லாரியில் ஏறும். அது என் தலைக்கு மேலே பார்த்தது.

கயிற்றை அதன் கழுத்தின்மேல் போட்டேன். திரும்பினேன். நடந்தேன்.

முன்னால் மேளக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தார்கள். நடுத்தெரு காலி. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் தனியாக, பிய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டு போனேன். அந்த அமைதியில் ஈரத் தார்ரோட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். சரட். சரட்.

எனக்குப் பின்னால் கனைப்புக் கேட்டது. தொண்டைக்குள்ளேயே, மெதுவாக.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. குளம்புச் சத்தம் வந்தது, ஒன்று ஒன்றாக, நிதானமாக. துஷ்டி வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டையும் தாண்டி, மேளக்காரர்கள் மறுபடி கோலை எடுத்த பிறகுதான் அதன் மூச்சு என் பிடரியில் பட்டது.

அன்றைக்கு எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். உள்ளே கிடந்தவரைப் பார்த்துத்தான் குதிரை குரல் கொடுத்தது, மிருகத்துக்குத் தெரியும் என்று பந்தியில் ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கயிறே இல்லாம கூட்டிட்டு வந்துட்டாரு எங்க மாப்ள. பேச மாட்டாரு, ஆனா ஆளப் பாத்தீங்கல்ல" என்று எல்லாரிடமும் சொன்னார். ஆட்டம் பழக்குகிற ஆளுக்கு அங்கேயே போன் போட்டு, குதிரை கொடுக்கிறதாக இல்லை என்றார்.

செவலை எங்களிடமே இருக்கிறது. தை, வைகாசி என்று எத்தனையோ ஊர்வலம் போய்விட்டது. மேளம் நின்றால் நான் விலகுகிறேன், அது நிற்கிறது. என்னை எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தெருவில் அதை முன்னால் கூட்டிக்கொண்டு போனது யார் என்று எனக்குத் தெரியாது. பாயாமல் நின்றது நான் பழக்கியது. நின்ற இடத்திலிருந்து கிளம்பி வந்தது என் பின்னால் இல்லை.

"பிஞ்ச செருப்ப இன்னும் என்னத்துக்குங்க வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க" என்கிறாள் மனைவி. கொட்டகை வாசலில் தகரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவே அதைச் செருகி வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. வேறொரு தெருவில், வேறொரு வாசலில் தேவைப்படலாம். போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒருமுறை நடந்து பார்க்கவும் முடியவில்லை.

காலையில் வெறுங்காலோடுதான் உள்ளே போகிறேன். செவலை தலையைத் தூக்குகிறது. என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பார்க்கிறது. கொஞ்ச நேரம் பார்க்கிறது. பிறகுதான் பார்வையை இறக்கி என்னைப் பார்க்கிறது.